பிங்யாவில் இறங்கலாமா, ஒரு பகல் போதுமா?

கேள்வி இதுதான்: பெய்ஜிங்கிலிருந்து சியானுக்கு ரயிலில் போகிறது ஒரு குடும்பம், கூடவே சைவம் மட்டும் சாப்பிடும் அம்மா. நடுவில் பிங்யாவ் என்ற மதில் நகரத்தில் இறங்குவது வீண் அலைச்சலா? இறங்கினால் காலையில் போய் மாலையில் கிளம்பிவிடலாமா? அங்கே எல்லாம் சுற்றுலாக்காரர்களுக்காகப் போட்ட செட்டு என்கிறார்களே, அது உண்மையா?

இறங்கலாம். ஆனால் ஒரு பகலுக்காக இறங்காதீர்கள். காலை பத்து மணிக்கு மேல் கொடி பிடித்த வழிகாட்டிகளின் பின்னால் கூட்டம் கூட்டமாக ஆட்கள் நுழைவார்கள், தெற்குத் தெருவில் மாலை வரை தோளோடு தோள் இடிக்கும், வினிகர் கடை, மாட்டிறைச்சிக் கடை, சீப்புக் கடை, மறுபடியும் வினிகர் கடை. அதை மட்டும் பார்த்துவிட்டு ரயிலேறுகிறவர்கள்தான் ஊருக்குப் போய் "செட்டு" என்கிறார்கள். அவர்கள் பார்த்ததை வைத்துப் பார்த்தால் அது நியாயமான பேச்சுதான். மதிலுக்குள்ளேயே ஒரு விடுதி எடுத்து இரண்டு இரவு தங்க முடியுமானால் பிங்யாவ் போங்கள். முடியாதென்றால் அதை விட்டுவிட்டு சியான் மதிலோடு நிறுத்திக்கொள்ளலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

ஏன் இந்த ஊரை மட்டும் தனியாகச் சொல்கிறேன் என்றால், சீனாவில் ஒரு காலத்தில் வட்டத் (தாலுகா) தலைநகர் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதில் இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் பெரும்பாலானவற்றை இடித்துத் தள்ளிவிட்டார்கள். பெய்ஜிங் மதில் 1950களிலும் 60களிலும் சாலைக்காகவும் சுரங்க ரயிலுக்காகவும் போனது, இன்று நீங்கள் பார்ப்பது ஒன்றிரண்டு வாசலும் ஒரு துண்டுச் சுவரும்தான். நான்ஜிங்கில் 35 கிலோமீட்டர் இருந்ததில் சுமார் 25 இன்னும் நிற்கிறது. சியானில் 13.7 கிலோமீட்டரும் முழுச் சுற்றாக இருக்கிறது. மேலே கார் ஓட்டும் அளவுக்கு அகலம், அபாரமான மதில். ஆனால் கீழே எட்டிப் பார்த்தால் உள்ளே மால், பேருந்து, மெட்ரோ, எல்லாப் பெருநகரத்திலும் இருப்பது. பிங்யாவில் மதிலும் இருக்கிறது, மதில் எதைக் காத்ததோ அதுவும் இருக்கிறது. இரண்டே கால் சதுர கிலோமீட்டருக்குள் பழைய தெருக்கள், கச்சேரி (அந்தக் கால அரசு அலுவலகமும் நீதிமன்றமும்), கோயில்கள், கடைகள், சுமார் 4,000 பழைய வீடுகள், அவற்றில் 400 வரை நல்ல நிலையில். 1997இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது இந்த மொத்த ஊரையும், வெளியே இருக்கும் இரண்டு கோயில்களையும் சேர்த்துத்தான். அந்த இரண்டு கோயில்களுக்குப் பிறகு வருகிறேன், பாதிப் பேர் அவற்றைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள்.

ஊர் எப்படித் தப்பியது என்று தெரிந்துகொண்டு போனால் பார்ப்பது எல்லாமே வேறாகத் தெரியும். பிங்யாவ் இருப்பது ஷான்சி மாகாணத்தின் நடுவில், தலைநகர் தையுவானுக்குத் தெற்கே சுமார் 90 கிலோமீட்டரில். ஷான்சிக்காரர்கள் சீனா முழுக்க வியாபாரம் செய்தவர்கள். பெய்ஜிங்கில் சம்பாதித்த வெள்ளியை ஊருக்கு அனுப்ப வேண்டுமென்றால் வண்டியில் ஏற்றி, வாள் சண்டை தெரிந்த காவல்காரர்களைக் கூலிக்கு அமர்த்தி, வழியில் கொள்ளைக்காரனிடம் மாட்டாமல் கொண்டு வர வேண்டும். பிங்யாவில் ஒரு சாயக் கடை, அதற்கு பெய்ஜிங்கிலும் ஒரு கிளை. தெரிந்தவர்கள் பெய்ஜிங் கிளையில் வெள்ளியைக் கட்டிவிட்டு ஒரு சீட்டு வாங்கிக்கொள்வார்கள், பிங்யாவில் சீட்டைக் காட்டிப் பணத்தை எடுத்துக்கொள்வார்கள். இப்படித் தெரிந்தவர்களுக்காகச் செய்தது பெருகிப் பெருகி, சாயத்தை விட இதில் லாபம் அதிகம் என்று கடையின் மேலாளர் லெய் லியூதாய் முதலாளிக் குடும்பத்திடம் எடுத்துச் சொல்ல, 1823 வாக்கில் சாயக் கடை, அந்தச் சீட்டில் (உண்டியலில்) பணம் அனுப்பித் தரும் உண்டியல் கடையாக மாறியது. பெயர் ரிஷெங்சாங். சீனாவின் முதல் உண்டியல் கடை இதுதான். அப்புறம் பக்கத்துக் கடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ரிஷெங்சாங்கிலேயே வேலை பார்த்த ஒருவர் மனக்கசப்பில் வெளியே போய் அடுத்த வீட்டிலேயே போட்டிக் கடையை நிமிர்த்திக் காட்டினார். கொடிகட்டிப் பறந்த காலத்தில் சீனா முழுவதும் இருந்த ஐம்பது சொச்சம் உண்டியல் கடைகளில் 22க்குத் தலைமையிடம் இந்தச் சின்ன ஊர்தான். தெருவில் நீங்கள் பார்க்கும் செதுக்கு வேலை, சாம்பல் செங்கல் மாளிகை, நாலு கட்டு வீடு எல்லாம் அந்தப் பணம்.

1911 புரட்சியோடு கதை முடிந்தது. கிளைகள் சூறையாடப்பட்டன, கொடுத்த கடன் திரும்பவில்லை, கட்டியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பணத்தைக் கேட்டார்கள், நவீன வங்கிகள் வேறு வந்துவிட்டன. 1914இல் ரிஷெங்சாங் திவாலானது. அதற்குப் பிறகு ஊரில் யாரிடமும் பழையதை இடித்துப் புதிதாகக் கட்டப் பணம் இல்லை, அதனால் இருந்தபடியே இருந்தது. 1980 வாக்கில் கொஞ்சம் பணம் வந்ததும் ஊர் நிர்வாகம் முதலில் செய்யப் பார்த்தது என்ன தெரியுமா, நடுவில் அகலச் சாலை போடுவது. இடிக்கவும் தொடங்கிவிட்டார்கள். ஷாங்ஹாயின் தோங்ஜி பல்கலைக்கழகப் பேராசிரியர் ருவான் யீசான் தன் மாணவர்களோடு வந்து, மேலிடம் வரை போய் மன்றாடி அதை நிறுத்தினார். பழைய ஊரைத் தொடாதே, புது ஊரை மதிலுக்கு வெளியே கட்டு என்று மாற்றுத் திட்டமும் வரைந்து கொடுத்தார். 1986இல் தேசிய அளவில் பாதுகாக்கப்பட்ட நகரமாக அறிவித்தார்கள். ஆக, பணம் வந்து கட்டிய ஊர், பணம் போனதால் மிஞ்சியது, மறுபடி பணம் வந்தபோது ஒரு மனிதரின் பிடிவாதத்தால் தப்பியது.

அதனால் உள்ளே முதலில் போக வேண்டிய இடம் மேற்குத் தெருவில் இருக்கும் ரிஷெங்சாங் வீடுதான், இப்போது அருங்காட்சியகம். வாசலில் பெரிதாக ஒன்றும் இருக்காது, சாதாரணக் கடை முகப்பு. உள்ளே கட்டுக்குப் பின் கட்டாகப் போகும். முன்கட்டில் இரண்டு பக்கமும் கல்லா, தலைக்கு மேலே முற்றத்தை மூடி மணிகள் தொங்கும் கம்பி வலை, கூரை வழியாக இறங்குகிற திருடனுக்காக. இதையெல்லாம் வழிகாட்டியே காட்டிவிடுவார். நீங்கள் நின்று பார்க்க வேண்டியது சுவரில் இருக்கும் ரகசியக் குறிமுறை. உண்டியலில் தேதியையும் தொகையையும் எண்ணால் எழுத மாட்டார்கள். பன்னிரண்டு எழுத்துள்ள ஒரு வாசகம் இருக்கும், ஒவ்வொரு எழுத்தும் ஒரு மாதம். முப்பது எழுத்துள்ள ஒரு செய்யுள், ஒவ்வோர் எழுத்தும் ஒரு நாள். தொகைக்குப் பத்து எழுத்து வாசகம் ஒன்று. வழியில் உண்டியலைத் திருடியவன் பார்த்தால் சம்பந்தமில்லாத நாலைந்து எழுத்துகள்தான் தெரியும். மாதத்துக்கான வாசகங்களில் ஒன்று இன்றும் அங்கே இருக்கிறது: "போலி உண்டியல் கொண்டு பணம் எடுக்க வருகிறவனிடம் எச்சரிக்கை, எழுத்தையும் முத்திரையையும் கூர்ந்து பார்க்க மறவாதே." பன்னிரண்டே எழுத்தில் மாதக் கணக்கும் ஆயிற்று, குமாஸ்தாவுக்குப் புத்திமதியும் ஆயிற்று. நாள் கணக்குக்கான முப்பது எழுத்துச் செய்யுள் அதைவிடக் காரம், மனசாட்சியை மறைத்துச் சுயலாபம் தேடுகிறவனுக்குக் கடைசியில் பலன் உண்டு என்று போகும். இந்தக் குறிமுறையை அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் அங்கேயே பாருங்கள். வேலை செய்கிறவர்களுக்குக் கடையில் "உடல் பங்கு" உண்டு. முதலாளி போட்டது வெள்ளி, குமாஸ்தா போட்டது உழைப்பு, கணக்கு முடிக்கும்போது லாபத்தில் இருவருக்கும் பங்கு. அதற்குப் பதிலாக வெளியூர்க் கிளைக்குப் போகிறவன் மனைவியைக் கூட்டிப் போகக் கூடாது, வருடக் கணக்கில் ஊர் திரும்ப முடியாது. ஊருக்குள் இருக்கும் அழகான வீடுகளில் யார் தனியாக வாழ்ந்திருப்பார்கள் என்று அப்போது புரியும்.

சரி, மதில். இப்போது நிற்கும் வடிவம் மிங் அரசின் தொடக்கத்தில், 1370இல் விரிவாக்கிக் கட்டியது. சுற்றளவு ஆறு கிலோமீட்டருக்குச் சற்று மேல், உயரம் பத்து மீட்டர் அளவு. உள்ளே இடித்து இறுக்கிய மண், வெளியே செங்கல் போர்வை. வெளியே அகழி. வாசல் ஆறு: தெற்கே ஒன்று, வடக்கே ஒன்று, கிழக்கிலும் மேற்கிலும் இரண்டிரண்டு. ஊர்க்காரர்கள் இதை ஆமை என்பார்கள். தெற்கு வாசல் தலை, அதற்கு வெளியே இருந்த இரண்டு கிணறுகள் கண்கள், வடக்கு வாசல் வால், மற்ற நாலும் கால்கள். ஊரின் தாழ்ந்த இடம் வடக்கு வாசல், உள்ளே பெய்கிற மழைநீரெல்லாம் அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது, ஆமையிலும் அது பொருத்தமான இடம்தான். நாலு கால்களில் மூன்று மடங்கி இருக்கின்றன, அதாவது வெளிவாசல் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். கிழக்கு வாசல் இரண்டில் ஒன்று மட்டும் நேராக நீட்டிக்கொண்டிருக்கும். ஆமை நடந்து போய்விடக் கூடாதென்று அந்தக் காலை இழுத்து இருபது லி (சுமார் பத்து கிலோமீட்டர்) தள்ளியிருக்கும் ஒரு கோபுரத்தில் கட்டிவைத்திருக்கிறார்கள் என்பது கதை.

மேலே 72 காவல் மேடை, 3,000 அம்பெய்யும் இடைவெளி. கன்பூசியஸின் 72 சான்றோர், 3,000 மாணவர் என்று கணக்குச் சொல்வார்கள், படையும் படிப்பும் சேர்ந்த மதில் என்று பெருமை. ஏறுவதற்கு வடக்கு வாசலும் தெற்கு வாசலும் வசதி. அம்மாவுக்குப் படி ஏற முடியுமென்றால் தெற்கு வாசலில் ஏறி, அங்கேயே கொஞ்ச தூரம் நடந்து இறங்கிவிடுங்கள், முழுச் சுற்று தேவையே இல்லை. மேலே நிழல் கிடையாது, சீக்கிரமே ஒரே மாதிரி ஆகிவிடும். 2004இல் ஒரு பகுதி சரிந்தது, 2021 அக்டோபரில் கொட்டிய மழையில் இன்னொரு பகுதி சரிந்தது, மண் மதிலுக்குத் தண்ணீர்தான் எதிரி. ஆகவே ஏதாவது ஒரு பகுதியில் கயிறு கட்டி மறித்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். மேலிருந்து வெளியே பார்ப்பதை விட உள்ளே பாருங்கள். வீட்டுக் கூரைகளில் பல ஒரே பக்கமாக, உள்முற்றத்தை நோக்கி மட்டும் சரிந்திருக்கும். தெருப் பக்கம் ஜன்னலே இல்லாத உயரச் சுவர். திருடனுக்கும் புழுதிக் காற்றுக்கும் அது காப்பு, பெய்கிற மழையும் அடுத்தவனுக்குப் போகாமல் தன் முற்றத்திலேயே விழும். வியாபாரிகள் ஊர் அல்லவா.

வாசலைக் கடக்கும்போது அவசரப்படாதீர்கள். வெளிவாசலுக்கும் உள்வாசலுக்கும் நடுவே நாலு பக்கமும் சுவர் சூழ்ந்த ஒரு முற்றம் இருக்கும். எதிரி வெளிக்கதவை உடைத்து உள்ளே வந்தால் அங்கே மாட்டிக்கொள்வான், மேலே நாலு பக்கத்திலிருந்தும் அடி விழும். தரைக் கல்லைக் குனிந்து பாருங்கள், இரும்புப் பட்டை அடித்த வண்டிச் சக்கரங்கள் நூற்றாண்டுக் கணக்கில் ஓடி அறுத்த தடம், கை வைத்தால் விரல் புதையும் ஆழத்தில். என்னைக் கேட்டால் மொத்த மதிலிலும் செயற்கையே கலக்காத இடம் அந்தத் தடம்தான்.

ஊருக்குள் பார்க்க வேண்டியவை இருபதுக்கு மேல் உண்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சீட்டு, சுமார் 125 யுவான், மூன்று நாள் செல்லும். ஊருக்குள் நுழைய, தெருவில் நடக்கக் காசு கிடையாது. சீட்டு வாங்கிவிட்டோமே என்று இருபதையும் பார்க்கக் கிளம்பினால் கால் போய்விடும், பாதி அருங்காட்சியகங்களில் மெழுகு பொம்மையும் மங்கிய புகைப்படமும்தான். ரிஷெங்சாங், மதில், கச்சேரி, நகர தெய்வக் கோயில், கன்பூசியஸ் கோயில், இவ்வளவு போதும். காவல்காரர்களை வாடகைக்கு அனுப்பிய கடைகளில் ஒன்றை வழியில் பார்த்தால் நுழைந்துவிட்டு வாருங்கள், பத்து நிமிட வேலை. கச்சேரியில் நீதிபதி வேடமிட்டவர்கள் வழக்கு விசாரணை நாடகம் போடுவார்கள், மொழி புரியாவிட்டாலும் குற்றவாளி அலறுவது புரியும். கன்பூசியஸ் கோயிலின் பெரிய மண்டபம் 1163இல் கட்டியது, ஊரின் மற்றக் கட்டடங்களை விடப் பல நூற்றாண்டு மூத்தது, ஆனால் அங்கே கூட்டமே இருக்காது. வரைபடத்தை விரித்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும்: தெற்குத் தெருவை நடுக்கோடாக வைத்து, கிழக்கே நகர தெய்வக் கோயில் என்றால் மேற்கே கச்சேரி, கிழக்கே கல்விக்குக் கோயில் என்றால் மேற்கே போர்க் கடவுளுக்கு. உயிரோடு இருக்கும்வரை மேற்கே போய் வழக்காடலாம், செத்த பிறகு நகர தெய்வம் கிழக்கே விசாரிக்கும்.

இனி செட்டு விவகாரம். தெற்குத் தெரு, மேற்குத் தெரு இரண்டிலும் முகப்புகள் புதுப்பிக்கப்பட்டவைதான், சிவப்பு விளக்குகள் சுற்றுலாவுக்காகத்தான், அதை மறைத்துப் பேச ஒன்றுமில்லை. பள்ளி, அலுவலகம் எல்லாம் வெளியே புது ஊருக்குப் போய்விட்டன, குடும்பங்களும் நிறையப் போய்விட்டன. ஆனாலும் உள்ளே ஆயிரக்கணக்கானவர்கள் இன்னும் குடியிருக்கிறார்கள். தெற்குத் தெருவிலிருந்து இரண்டு திருப்பம் திரும்பினால் போதும், கூரையில் புல் முளைத்த வீடு, சீட்டாடும் பெரியவர்கள். காலை ஆறரைக்கு எழுந்து வெளியே வாருங்கள். கடைப் பலகைகள் எல்லாம் மூடியிருக்கும், தெருவில் பெருக்குகிறவரும் பள்ளிக்கூடப் பிள்ளையை மின் வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போகும் அம்மாவும்தான். அந்த மின் வண்டிகளுக்குச் சத்தமே கிடையாது, கவனம், படம் எடுக்கிறேன் என்று பின்னால் நகராதீர்கள். மூலைகளில் ஆவி பறக்கும் காலைச் சாப்பாட்டு வண்டிகள் நிற்கும், சோயா பாலும் எண்ணெயில் பொரித்த நீள மாவுக் குச்சியும் உள்ளூர்க்காரர்கள் விலைக்கே கிடைக்கும். எட்டரைக்கு மேல் அதே தெரு வேறு தெரு. இந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் உள்ளே தங்கச் சொல்கிறேன்.

தங்குவதற்கு முற்ற வீட்டு விடுதியாகப் பார்த்து எடுங்கள், நிறைய இருக்கின்றன. படுக்கை பெரும்பாலும் "காங்" என்ற செங்கல் மேடை, சுவரிலிருந்து சுவர் வரை அகலம், மேலே மெத்தை. பழைய நாளில் அடியில் அடுப்புச் சூடு ஓடும், இப்போது மின்சாரச் சூடு. மெல்லிய மெத்தை, முதுகு வலி இருக்கிறவர்களுக்கு ஒன்று ரொம்பப் பிடிக்கும், இல்லை ரொம்பப் பிடிக்காது. அம்மாவுக்காகத் தரைத்தள அறை கேளுங்கள், மேடை மிக உயரமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டவர்களைப் பதிவு செய்து தங்க வைப்பவர்களா என்பதையும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பாஸ்போர்ட் விவரத்தைக் காவல்துறைக்கு அனுப்புவது விடுதியின் பொறுப்பு, சின்ன விடுதிகள் சில அந்தத் தலைவலியே வேண்டாம் என்று வாசலில் கைவிரித்துவிடும். கார் மதிலுக்குள் வராது. வாசலில் இறங்கி, விடுதிக்காரர் அனுப்பும் மின்கலவண்டியில் பெட்டியை ஏற்றிக்கொள்ள வேண்டும். கல் பாவிய தெருவில் உருட்டுப் பெட்டியை இழுக்க நினைக்காதீர்கள்.

இரண்டாவது நாளை ஊருக்கு வெளியே கொடுங்கள். தென்மேற்கே ஆறு கிலோமீட்டரில் ஷுவாங்லின் கோயில். புத்தர் பரிநிர்வாணம் அடைந்தது இரண்டு சால மரங்களுக்கு நடுவே அல்லவா, அந்த இரட்டை மரங்களின் பெயர்தான் கோயிலுக்கு. 571இல் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது, ஆக அதற்கும் பழையது. இப்போதிருக்கும் மண்டபங்கள் பிற்காலத்தவை. உள்ளே வண்ணம் தீட்டிய களிமண் சிற்பங்கள் இரண்டாயிரத்துக்கு மேல், பெரும்பாலும் மிங் காலம், சில இன்னும் பழையவை. மர எலும்புக்கூட்டின் மேல் வைக்கோலும் பஞ்சும் கலந்த மண்ணை அப்பி, மெழுகி, வண்ணம் பூசியவை. சுவரிலிருந்து மேகமும் மலையும் மனிதர்களும் பிதுங்கி வெளியே வருவது போல மண்டபம் நிறைய இருக்கும். பதினெட்டு அருகர்கள் (ஞானம் பெற்ற பௌத்தத் துறவிகள்) இருக்கும் மண்டபத்தில் ஊமை அருகர் ஒருவர் உண்டு, வாயை இறுக மூடி, வயிறு உப்பி, கண்ணில் கோபம் தெறிக்க, சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் நிற்பார். ஆயிரம் புத்தர் மண்டபத்தில் காவல் தெய்வமான வெய்துவோ. பெரிய உருவம் ஒன்றும் இல்லை. இடுப்பு ஒரு பக்கம், தோள் எதிர்ப் பக்கம், தலை மறுபடி இந்தப் பக்கம் என்று உடல் முறுக்கி நிற்கிறது. நிஜ மனிதனால் அப்படி நிற்கவே முடியாது, விழுந்துவிடுவான். ஆனால் சிலையைப் பார்க்கும்போது அது தோன்றவே தோன்றாது, அடுத்த நொடி திரும்பி அடிக்கப் போகிறார் என்றுதான் தோன்றும். பக்கத்திலேயே ஒரு காலை மடக்கி, ஒரு காலைத் தொங்கவிட்டு, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பது போல கருணைத் தெய்வமான குவான்யின். இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள். மண்டபங்கள் இருட்டு, முன்னால் கம்பித் தடுப்பு, வெயில் நேரத்தில் வெளியிலிருந்து நுழைந்தால் கண் பழகவே சில நிமிடம் ஆகும். பிளாஷ் போட்டுப் படம் எடுக்க வேண்டாம், வண்ணம் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது.

வடகிழக்கே 12 கிலோமீட்டரில் ஜென்குவோ கோயில். அதன் வான்ஃபோ மண்டபம் 963இல் கட்டியது. சீனாவில் மரக் கட்டடம் ஆயிரம் வருடம் நிற்பது என்பது மிக மிக அரிது, தீ, போர், கறையான் என்று எல்லாவற்றிலும் தப்ப வேண்டும். தப்பியவற்றில் மூத்தவைகளில் இது ஒன்று. மண்டபம் சின்னது. ஆனால் தூணுக்கு மேலே கூரையைத் தாங்கும் மரத் தாங்கிகள் அடுக்கடுக்காக வெளியே நீண்டு, கட்டடத்தின் அளவுக்குச் சம்பந்தமே இல்லாத பருமனில் இருக்கும். பிற்கால அரண்மனைகளில் இதே உறுப்பு வெறும் அலங்காரமாகச் சுருங்கிப் போயிருக்கும், பெய்ஜிங்கில் பார்த்துவிட்டு வருகிறீர்கள் அல்லவா, வித்தியாசம் பளிச்சென்று தெரியும். உள்ளே இருக்கும் சிற்பங்களும் அதே பத்தாம் நூற்றாண்டு, குகைக் கோயில்களுக்கு வெளியே அந்தக் காலச் சிற்பம் இப்படி மிஞ்சியது அபூர்வம். பார்வையாளர்கள் மிகக் குறைவு. இரண்டையும் ஒரே அரைநாளில் காரில் முடிக்கலாம், போகவரக் காத்திருக்க என்று விடுதியிலேயே பேசிவிடுங்கள், ஏனென்றால் ஜென்குவோ வாசலில் திரும்பி வர வண்டி கிடைக்காது. நேரம் மிச்சமிருந்தால் லிங்ஷியில் இருக்கும் வாங் குடும்ப மாளிகையையும் சேர்க்கலாம், மலைச் சரிவில் கோட்டை போல ஏறும் பிரம்மாண்டம், ஆனால் படிகள் நிறைய. அம்மாவை யோசித்தால் நான் விட்டுவிடுவேன்.

சாப்பாடு. ஊரின் பெருமை உப்பிட்டு வேகவைத்த மாட்டிறைச்சி, தெருவெங்கும் அதுதான். சைவத்துக்குப் பயப்பட வேண்டாம், ஷான்சி மாவு வகைகளின் மாகாணம். ஓட்ஸ் வகை மாவை மெல்லிய குழல்களாகச் சுருட்டி நெருக்கி நிறுத்தி ஆவியில் வேகவைத்த ஒன்று வரும், மேலிருந்து பார்த்தால் தேனடை, தக்காளிக் குழம்பில் தோய்த்துச் சாப்பிடலாம். கத்தியால் மாவுக் கட்டியிலிருந்து நேராகக் கொதிநீரில் சீவிப் போடும் நூடுல்ஸ், பூனைக் காது வடிவத்தில் கட்டை விரலால் அழுத்திய மாவுத் துண்டு, மாவுக் கூழை ஆறவைத்துக் கீற்றாக வெட்டி வினிகரும் பூண்டும் போட்ட வான்துவோ. சிக்கல் என்னவென்றால் குழம்புக்கான நீரில் எலும்புச் சாறு இருக்கலாம், காய்ப் பொரியலில் பன்றிக் கொத்து தூவியிருக்கலாம். "இறைச்சி, மீன், எலும்புச் சாறு, பன்றிக் கொழுப்பு எதுவும் வேண்டாம், முட்டை பரவாயில்லை" என்று சீன எழுத்தில் அலைபேசியில் வைத்துக் காட்டுங்கள், வாயால் "சைவம்" என்று மட்டும் சொன்னால் சமையல்காரர் இறைச்சியைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுப்பார். முட்டையும் வேண்டாமென்றால் அதையும் எழுத வேண்டும், தக்காளி முட்டை நூடுல்ஸ்தான் சைவம் என்றதும் அவர்கள் முதலில் நீட்டுவது. மேசை மேல் இருக்கும் கறுப்பு வினிகரைத் தாராளமாக ஊற்றிக்கொள்ளுங்கள், நம் நாக்குக்கு அங்கே காரத்தின் குறையை அதுதான் ஈடுகட்டும். அம்மாவுக்காக ஊறுகாய் பாட்டில் ஒன்று பெட்டியில் இருக்கட்டும்.

ரயிலில் ஒரே ஒரு எச்சரிக்கை: இரண்டு நிலையங்கள் இருக்கின்றன. அதிவேக ரயில் நிற்பது "பிங்யாவ் குச்செங்", ஊருக்கு வெளியே, டாக்சிக்கு 20, 30 யுவான். வெறும் "பிங்யாவ்" என்றிருப்பது பழைய நிலையம், மதிலுக்கு மிக அருகில், ஆனால் மெதுவான ரயில்கள். பெய்ஜிங்கிலிருந்து அதிவேகத்தில் நாலு மணி நேரம் சொச்சம், அங்கிருந்து சியான் வடக்கு நிலையத்துக்கு மூன்று மணி நேரம் அளவு. சீட்டு பதினைந்து நாளுக்கு முன்புதான் திறக்கும், பாஸ்போர்ட்தான் சீட்டு, தானியங்கிக் கதவு உங்கள் பாஸ்போர்ட்டைப் படிக்காவிட்டால் ஓரத்தில் ஆள் நிற்கும் வரிசைக்குப் போங்கள்.

பணத்துக்கு அலிபே செயலியில் உங்கள் விசா அல்லது மாஸ்டர்கார்டை ஊரிலேயே சேர்த்து, வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கியில் திறந்துவிட்டுக் கிளம்புங்கள். ரூபே கார்டை நம்பி வராதீர்கள். 200 யுவானுக்கு உட்பட்டால் கட்டணமில்லை, மேலே போனால் 3 சதவீதம் பிடிப்பார்கள், பெரிய பில்லைப் பிரித்துக் கட்டலாம். கையில் கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும். வாட்ஸ்அப்பும் கூகிளும் விடுதி வைஃபையில் வேலை செய்யாது, வெளிநாட்டு ரோமிங் சிம் அல்லது இ-சிம் எடுத்தால் வேலை செய்யும். விசா இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு வேண்டும், சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் சேர்ந்து வருகிறார்கள் என்றால் அவர்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை.

மாதம் என்றால் ஏப்ரல் கடைசி, மே நடுப்பகுதி, செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் பாதி. மே முதல் வாரமும் அக்டோபர் முதல் வாரமும் சீனா முழுக்க விடுமுறை, அப்போது தெற்குத் தெருவில் நீங்கள் நடக்க வேண்டாம், கூட்டமே நகர்த்திக்கொண்டு போய்விடும். செப்டம்பரில் புகைப்பட விழா நடக்கும், பழைய தொழிற்சாலைக் கட்டடங்களில் கண்காட்சி வைப்பார்கள், அறை வாடகை ஏறும், ஆனால் பார்க்கத் தகுந்தது. ஜனவரியில் உறைநிலைக்குக் கீழே, வறண்ட குளிர், அம்மாவோடு வேண்டாம்.

வரிசையை மட்டும் மாற்றாதீர்கள், முதலில் பிங்யாவ், அப்புறம் சியான். சியான் மதில் மேல் வாடகை சைக்கிளில் சுற்றும்போது அது நூறு மடங்கு வசதியாகவும் பளபளப்பாகவும் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் உடைந்த செங்கலும் புழுதியும்தான் கண்ணில் படும்.